பழைய கெட்டிக்கும் துப்பாக்கி: குழலில் எதைப் பார்ப்பது?

அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கிகளைப் பார்க்கும்போது, குழலைத் தாங்கும் மரக்கட்டையில் பதித்த தந்தமும் வெள்ளிப் பூவேலையும் அழகு என்று புரிகிறது; ஆனால் குழல் வெறும் இரும்புக் குழாய்தானே, விவரம் தெரிந்தவர்கள் ஏன் அதன் முன்னால் மெய்மறந்து நிற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, உறவினர் வீட்டில் இருக்கும் பழைய துப்பாக்கி ஒன்றின் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வியில் நீங்கள் உண்மையில் கேட்பது, ஒரு குழாயில் வடிவமைப்பு என்று சொல்ல என்ன இருக்க முடியும் என்பதுதான். நிறைய இருக்கிறது. அலங்காரத்தைவிட அதிகமாகவே இருக்கிறது.

நான் அருங்காட்சியக உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன். துப்பாக்கி ஒன்று மேசைக்கு வந்தால், குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் தனியாக வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கும். சுடுவதில் அனுபவம் இல்லை. குறி, தூரம் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை; இரும்பைப் பற்றிச் சொல்வது தொட்டுத் தெரிந்தது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

துப்பாக்கியில் தவறவே கூடாத பாகம் குழல்தான். கட்டை விரிசல் விட்டால் கம்பி சுற்றிச் சமாளிக்கலாம். மருந்தைப் பற்றவைக்கும் விசைப்பொறி மக்கர் செய்தால் மாற்றிக்கொள்ளலாம். குழல் வெடித்தால் சுடுகிறவரின் கையும் கண்ணும் போய்விடும். வாய்வழியாகக் கரிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியில், குழல் என்பது ஒரு முனை அடைத்த இரும்புக் குழாய். அடைத்த முனைக்கு அருகில்தான் மருந்து எரிகிறது. அழுத்தம் உச்சத்துக்குப் போவதும் அங்கேதான். குண்டு வாய் நோக்கி நகர நகர வாயுவுக்கு இடம் கிடைத்து அழுத்தம் இறங்கும். ஆகவே எங்கே இரும்பை விட்டுவைப்பது, எங்கே அரத்தால் எடுத்துவிடுவது என்பதுதான் குழல் செய்கிறவர் முன்னால் இருந்த கேள்வி. தேவைக்கு மேல் விட்டால் தோளில் சுமக்க முடியாது. குறைத்தால் உயிருக்கு ஆபத்து. நல்ல குழலின் வெளித் தோற்றம் இந்தக் கணக்கின் விடை. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் நீங்கள் பார்த்த, மெய்மறந்து நிற்கும் ஆட்கள்.

முதலில் குழாயை எப்படிச் செய்தார்கள் என்பதைப் பார்ப்போம். கனத்த எஃகுத் தண்டை நேராகத் துளைத்துக் குழல் எடுப்பது பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன், தட்டையான இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி மடக்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைத்தார்கள். அப்போது குழலின் முழு நீளத்துக்கும் ஒரு ஒட்டு ஓடும். பிரச்சினை அங்கேதான். மெல்லிய சுவருள்ள மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது, அதை நீளவாக்கில் பிளக்கப் பார்க்கும் விசை, குறுக்கே இரண்டாகத் துண்டிக்கப் பார்க்கும் விசையைப்போல் இரண்டு மடங்கு. அதாவது, குழல் எந்தத் திசையில் பிளக்கத் துடிக்கிறதோ அதே திசையில் அதன் பலவீனமான ஒட்டும் ஓடுகிறது. படைகளுக்கு ஆயிரக்கணக்கில் செய்த சாதாரணக் குழல்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. சுவரைத் தடிமனாக வைத்து ஆபத்தைச் சமாளித்தார்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அக்பரின் ஆட்சி பற்றி அபுல் ஃபசல் எழுதிய ஆயினி அக்பரியில் துப்பாக்கி செய்வதற்கென்றே ஒரு பகுதி உண்டு. முன்பெல்லாம் இரும்பைத் தட்டையாக அடித்து ஓரங்களை நீளவாக்கில் சேர்த்தார்கள் என்றும், இப்போது பட்டையைக் காகிதம் சுருட்டுவதுபோல் சாய்வாகச் சுற்றி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்துக் காய்ச்சி ஒட்டுகிறார்கள் என்றும் அதில் இருக்கிறது. ஒட்டு நீளமாக ஓடாமல் குழலைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. பிளக்கப் பார்க்கும் விசை ஒட்டின் மேல் நேராக விழுவதில்லை. இழுவிசைக்கு யாரும் சமன்பாடு எழுதாத காலத்தில், வெடித்த குழல்களைப் பார்த்துப் பார்த்தே கொல்லர்கள் கண்டுபிடித்த விடை இது. முன்பு குழலில் கால் பங்குக்கு மேல் மருந்து நிரப்ப முடியாது, இப்போது வாய்வரை நிரப்பிச் சுட்டாலும் வெடிப்பதில்லை என்றும் அங்கே எழுதியிருக்கிறது. அதில் அரசவைப் புகழ்ச்சி எவ்வளவு கலந்திருக்கிறது என்பது ஆராய வேண்டிய விஷயம். செய்முறை விவரிப்பை மட்டும் சந்தேகிக்கக் காரணம் இல்லை, அந்த வகைக் குழல்கள் இன்றும் கண்முன் இருக்கின்றன. அதே பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த வரி வேறு. ஒவ்வொரு குழலிலும் இரும்பின் எடை, இரும்பு வந்த இடம், செய்தவர் பெயர், செய்த ஊர், தேதி, வரிசை எண் எல்லாம் பொறிக்கப்பட்டனவாம். பதினாறு குழல்களை ஒரே நேரத்தில் சுத்தம் செய்ய மாடு பூட்டிச் சுற்றும் சக்கரம் ஒன்றும் இருந்தது. ஒரு பட்டறை தன் வேலையை எவ்வளவு மதித்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

சுற்றி ஒட்டும் இந்த முறை மேலும் மேலும் நுட்பமாகிப் போனதுதான் டமாஸ்கஸ் குழல். மென்மையான இரும்பையும் எஃகையும் மாறி மாறி அடுக்கிக் காய்ச்சி ஒட்டி, மெல்லிய தண்டாக இழுத்து, அந்தத் தண்டைக் காய்ச்சி இறுக்கமாக முறுக்குவார்கள். முறுக்கிய தண்டுகள் இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கும் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டி ஒரு பட்டையாக்கி, அந்தப் பட்டையைக் கம்பியின் மேல் சுருளாகச் சுற்றி மறுபடியும் ஒட்டுவார்கள். பிறகு உள்ளே துளைத்து, வெளியே அரம் போட்டு, கடைசியில் அமிலத்தாலோ கட்டுப்படுத்திய துருவாலோ மேற்பரப்பை அரிக்கவிட்டால், இரும்பும் எஃகும் வெவ்வேறு நிறம் காட்டும். அப்போது வெளியே வருகிற சுழிகளையும் அலைகளையும் யாரும் வரையவில்லை. முறுக்கின் வெட்டுமுகம்தான் அது. எத்தனை தண்டு, எவ்வளவு இறுக்கமான முறுக்கு, எந்தக் கோணத்தில் சுற்று என்பதெல்லாம் மேற்பரப்பிலேயே தெரியும். ஒட்டோமான் நாட்டுக் குழல்கள் இதில் பேர்போனவை; போர்களில் கைப்பற்றிய குழல்களை ஐரோப்பியக் கைவினைஞர்கள் கழற்றித் தங்கள் கட்டையில் பொருத்திக்கொண்ட துப்பாக்கிகள் பல இன்றும் இருக்கின்றன. வேறொரு நாட்டுக்காரர் செய்த குழலுக்காகப் புதிதாக ஒரு துப்பாக்கியே செய்தார்கள் என்றால், குழலுக்கு இருந்த மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் லீயேஜ் நகரமும் அதை அடுத்த வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் இந்த வேலையின் பெரிய மையமாக இருந்தன.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடலாம். ஒன்று, டமாஸ்கஸ் வாள் என்று சொல்லப்படும் கோடுபோட்ட வாளும் டமாஸ்கஸ் குழலும் ஒரே உலோகம் அல்ல. வாளின் கோடு மூசையில், அதாவது மண்கலத்தில், உருக்கிய எஃகு உறையும்போது உள்ளேயே உருவாவது. குழலின் கோடு முறுக்கி ஒட்டியதால் வருவது. இரண்டாவது, இந்தக் குழல்கள் சாதாரணக் குழலைவிட வலுவானவையா என்ற கேள்வி. பொதுவாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. ஒட்டின் திசை நல்லது. ஆனால் ஒட்டுகளின் எண்ணிக்கை அதிகம், ஒவ்வொரு ஒட்டிலும் கசடு சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. கை சுத்தமான கொல்லர் செய்ததென்றால் மிக நல்ல குழல், அவசரமாகச் செய்ததென்றால் ஆபத்தான குழல். போதாததற்கு, வெறும் குழலின் மேல் அந்தக் கோலத்தை அரித்தோ அச்சிட்டோ ஏமாற்றிய மலிவுச் சரக்குகளும் நிறைய வந்தன. கட்டைக்குள் மறைந்திருக்கும் அடிப்பாகத்தைப் பார்த்தால் பொய் பெரும்பாலும் அங்கே வெளிப்பட்டுவிடும். உண்மையான கோலம் உலோகத்துக்குள்ளேயே போகிறது, அடிவரை தொடரும்.

முறுக்காமலேயே பேர்வாங்கிய ஊர்களும் உண்டு. மாட்ரிட்டில் அரசருக்குத் துப்பாக்கி செய்த நிகோலாஸ் பிஸ் காலத்திலிருந்து, தேய்ந்த குதிரை லாடத்தின் இரும்பைச் சேர்த்துக் குழல் அடிப்பது அங்கே தனிப் பெருமை ஆனது. பலமுறை காய்ச்சி அடித்த இரும்பில் கசடு குறைந்திருக்கும், அதுதான் சூட்சுமம். இத்தாலியில் பிரேஷியாவை அடுத்த கார்தோனேயில் கொமினாத்ஸோ குடும்பத்தார் செய்த குழல்கள் வியக்கும்படி மெல்லியவை, இலேசானவை.

இனி வடிவத்துக்கு வருவோம். அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்றே நீங்கள் பார்க்கக்கூடியது இதுதான். பல பழைய குழல்கள் அடியில் எட்டுப் பட்டையாகத் தொடங்கி, கொஞ்ச தூரம் போனதும் ஒரு வளையத்தில் முடிந்து, அதன்பிறகு வாய்வரை உருண்டையாக மெலிந்து போகும். அழுத்தம் அதிகமுள்ள இடத்தில் பட்டைகள் கூடுதல் இரும்பைத் தாங்குகின்றன. தட்டையான பக்கம் விசைப்பொறி ஒட்டி உட்காரவும் குழல் கட்டையில் புரளாமல் இருக்கவும் உதவுகிறது. எட்டிலிருந்து உருண்டைக்கு மாறும் இடத்தில்தான் கைவேலை தெரியும். நல்ல கை என்றால் எட்டு விளிம்புகளும் ஒரே கோட்டில் வந்து வளையத்தில் கூர்மையாக அடங்கும். ஒரு பட்டை கொஞ்சம் அகலம், ஒன்று கொஞ்சம் குறுகல் என்று இருந்தால், அரம் பிடித்தவருக்குப் பொறுமை போய்விட்டது என்று அர்த்தம். விளக்கின் ஒளிக்கோடு பட்டையின் மேல் வளையாமல், நெளியாமல் முழு நீளத்துக்கும் ஓடுகிறதா என்று பாருங்கள். இயந்திரம் இல்லாமல், அரத்தை இரு கையாலும் பிடித்து இழுத்து இழுத்தே ஒரு மீட்டர் நீளப் பரப்பைச் சமதளமாக்கியிருக்கிறார்கள். நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் உருவாக்கிய நீண்ட ரைபிள்களில், அதாவது உட்குழலில் சுருள் பள்ளம் வெட்டிய துப்பாக்கிகளில், இன்னொரு நுட்பம் உண்டு. முழுக்க எட்டுப்பட்டையான குழல், அடியில் தடித்து, நடுவைத் தாண்டி மெலிந்து, வாய்க்கு அருகில் மறுபடியும் லேசாக அகலும். தூரத்திலிருந்து பார்த்தால் நேர்க்கோடாகத்தான் தெரியும். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால்தான் அந்த மெல்லிய இடுப்பு புலப்படும். நடுவில் இரும்பைக் குறைத்தால் எடை குறையும், துப்பாக்கி கையில் சமநிலையாக நிற்கும்; இதில் சந்தேகமில்லை. வாயில் ஏன் மறுபடி அகலவேண்டும் என்பதற்குத்தான் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்: குறிபார்க்க வாயருகே வைக்கும் முன்குறியைத் தாழ்வாக வைக்க, வாயைப் பலப்படுத்த, வெறும் அழகுக்காக. மூன்றும் கலந்திருக்கலாம் என்பது என் எண்ணம். எரியும் திரியால் பற்றவைக்கும் இந்தியத் திரித்துப்பாக்கிகளில் வாய் தாமரை மொட்டாகவோ புலி முகமாகவோ முடிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் அலங்காரத்துக்கு அடியில் அதே அகலும் வாய்தான் இருக்கிறது. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணப் பட்டறைத் துப்பாக்கிகளில் புலிவரி குழலிலும் விசைப்பொறியிலும் வருவதால் எல்லோர் கண்ணும் அதிலேயே நின்றுவிடுகிறது. வரியைப் பார்த்த பிறகு, குழல் எப்படி மெலிந்துகொண்டே போகிறது என்றும் பாருங்கள்.

அடைத்த முனை தனி உலகம். அங்கே மரை வெட்டிய இரும்பு முளையை உள்ளே திருகி இறுக்குவார்கள். 1543இல் போர்த்துகீசியர் வழியாகத் துப்பாக்கி ஜப்பானின் தனெகஷிமா தீவுக்கு வந்தபோது, வாள் செய்வதில் உலகப் புகழ்பெற்ற அந்நாட்டுக் கொல்லர்கள் குழலை அடித்துவிட்டார்கள்; திணறியது இந்த மரையில்தான். திருகும் மரை என்பதே அங்கே பழக்கத்தில் இல்லாத ஒன்று. அதைக் கற்றுக்கொள்ளத் தீவின் கொல்லர் தன் மகளையே ஒரு போர்த்துகீசியருக்கு மணமுடித்துக் கொடுத்தார் என்று கதை உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும். சில பத்தாண்டுகளில் ஜப்பானியர்கள் பெரும் எண்ணிக்கையில் துப்பாக்கி செய்தார்கள் என்பது வரலாறு.

இதே முளையில் 1787இல் லண்டன் கைவினைஞர் ஹென்றி நாக் ஒரு காப்புரிமை வாங்கினார். முளைக்குள்ளேயே சின்ன அறை ஒன்றை அமைத்து, தீ முதலில் அங்கே பிடித்து, அங்கிருந்து மருந்தின் நடுவில் பாயும்படி செய்தார். மருந்து வேகமாகவும் சீராகவும் எரிந்தது. அதுவரை பறவை வேட்டைத் துப்பாக்கிக் குழல்கள் 40 அங்குலம், அதற்கும் மேல் என்று நீண்டிருந்தன. அதன்பிறகு சுமார் 30 அங்குலமே போதுமானதாயிற்று. எடை குறைந்ததால் இரட்டைக் குழல் துப்பாக்கியும் கைக்கு அடக்கமானது. ஒரு கண்ணாடிப் பெட்டியில் 18ஆம் நூற்றாண்டின் நீளமான வேட்டைத் துப்பாக்கியும் 1800ஐ ஒட்டிய குட்டையான இரட்டைக் குழலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இடையே நடந்தது பாணி மாற்றம் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன அறையும்தான். அப்புறம், பற்றுவாயைத் தேடுங்கள்: தீ உள்ளே போகும் சின்னத் துளை. உயர்ந்த துப்பாக்கிகளில் அதைச் சுற்றி மஞ்சளாகவோ வெண்மையாகவோ ஒரு புள்ளி தெரியும். தங்கத்திலோ பிளாட்டினத்திலோ போட்ட பூண் அது. பார்க்கப் பகட்டாக இருந்தாலும் முழுக்க வேலைக்கான பொருள். கரிமருந்தின் எச்சம் இரும்பைத் தின்று துளையைப் பெரிதாக்கிவிடும், தங்கத்தை அது தொடாது.

குழலின் உட்புறம் கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் அங்கேதான் வடிவமைப்பு உச்சத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் படையின் பிரௌன் பெஸ் துப்பாக்கிக்கு உட்குழல் வழவழப்பானது. உள்விட்டம் சுமார் 0.75 அங்குலம், குண்டோ சுமார் 0.69. இந்த இடைவெளி அசட்டையால் வந்ததல்ல. சில முறை சுட்டாலே கரிமருந்தின் கசடு உள்ளே படிந்து வழி குறுகும். போர்க்களத்தில் குண்டு தடையில்லாமல் இறங்க வேண்டும். அதற்காகக் குறியைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள். குண்டு உள்ளே இங்கும் அங்கும் தட்டிக்கொண்டே போய், கடைசியாக எந்தப் பக்கம் தட்டியதோ அதற்கேற்ற திசையில் வெளியேறும்.

ரைபிள் இதற்கு நேர் எதிர். உட்சுவரில் சுருளாகப் பள்ளம் வெட்டி, எண்ணெய் தடவிய துணியிலோ தோலிலோ குண்டைச் சுற்றி இறுக்கமாக இறக்கினால், குண்டு சுழன்றுகொண்டே வெளியேறும். சுழல்வதால் நேராகப் போகும். இந்தப் பள்ளங்களைக் கையாலேயே வெட்டினார்கள். சுருள் வழி செதுக்கிய மர வழிகாட்டி ஒன்றை இழுக்க, அதோடு சேர்ந்து சுழலும் தண்டின் நுனியில் இருக்கும் சிறு பல் ஒரு பள்ளத்தை மட்டும் மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டு வரும். பல்லுக்கு அடியில் காகிதத் துண்டு ஒன்றைச் செருகினால் அடுத்த இழுப்பில் பள்ளம் அந்த அளவு ஆழமாகும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எத்தனையோ இழுப்புகள்.

பள்ளம் எவ்வளவு நீளத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்தக் குண்டுக்காகச் செய்த குழல் என்று சொல்லிவிடலாம். 1800இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைபிளில் ஏழு பள்ளங்கள். 30 அங்குலக் குழலுக்குள் கால் சுற்றுதான், அதாவது 120 அங்குலத்துக்கு ஒரு சுற்று. உருண்டைக் குண்டுக்கு அவ்வளவு சுழற்சியே போதும் என்று கருதினார்கள். 1853 மாதிரி என்ஃபீல்டு, தோட்டா விவகாரத்தால் 1857இல் நம் வரலாற்றில் நுழைந்த அதே துப்பாக்கி, மூன்று பள்ளங்களோடு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதன் குண்டு நீள்வடிவம். குழலைவிடச் சிறியதாக எளிதில் இறங்கி, சுடும்போது அடிப்பக்கம் விரிந்து பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து ஜோசப் விட்வொர்த். திருகாணி மரைகளுக்குப் பொது அளவு வகுத்த அதே பொறியாளர். அவர் பள்ளமே வெட்டாமல், உட்குழலையே 0.451 அங்குல அளவுள்ள அறுகோணமாக்கி, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முறுக்கிவிட்டார். நீண்டு ஒல்லியான குண்டுக்கு அவ்வளவு வேகமான சுழற்சி தேவைப்பட்டது. 1860இல் விம்பிள்டன் துப்பாக்கி சுடும் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தபோது, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிள் 400 கஜத்தில் மையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் அடித்தது. இருந்தும் படை அதை ஏற்கவில்லை. விலை அதிகம், கசடும் சீக்கிரம் அடைத்துக்கொண்டது. 120, 78, 20 என்ற மூன்று எண்களுக்குள் அரை நூற்றாண்டுச் சிந்தனை முழுவதும் அடங்கியிருக்கிறது.

குழல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதே தனித் தொழிலாக இருந்தது. அதற்கென்று இருந்தவர் குழலைச் சன்னலை நோக்கிப் பிடித்து உள்ளே பார்ப்பார். சன்னல் சட்டத்தின் விளிம்பு உட்சுவரில் நிழற்கோடாக விழும். நேரான குழலில் கோடு நேராக ஓடும். கோணல் இருந்தால் அந்த இடத்தில் கோடு ஒடியும். அடைகல்லில் வைத்து ஒரு தட்டு, மறுபடி பார்வை, மறுபடி தட்டு. நல்ல குழல் ஒன்றை இப்படிப் பிடித்துப் பார்த்தால் ஒளி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி உள்ளே போகும். என் வேலையில் எனக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷங்களில் ஒன்று அது.

பெயர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குழலின் மேல் பொறித்திருக்கும் பெயர் பெரும்பாலும் துப்பாக்கியை முடித்து விற்றவருடையது. குழலை அடித்த கொல்லரின் முதலெழுத்துகள், இருந்தால், அடிப்பக்கத்தில் கட்டைக்குள் மறைந்திருக்கும். புகழ்பெற்ற பெயர்களோ தாராளமாகத் திருடப்பட்டன. லாசரினோ கொமினாத்ஸோ பெயர் அவர் தொடாத எத்தனையோ குழல்களில் இருக்கிறது. பெயரைவிட நம்பகமானவை சோதனை முத்திரைகள். அளவுக்கு மீறி மருந்து போட்டுச் சுட்டு, தாங்கிய குழலுக்கு மட்டும் முத்திரை குத்துவார்கள். லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது 1637இல். பர்மிங்ஹாமுக்குச் சட்டப்படி சோதனை நிலையம் வந்தது 1813இல். கிரீடத்துக்குக் கீழே பின்னிய ஜி, பி எழுத்துகள் இருந்தால் லண்டன். முட்டை வடிவத்துக்குள் இ, எல், ஜி இருந்தால் லீயேஜ். முத்திரையும் போலியாக இருக்கலாம்தான். ஆனாலும் காலத்தையும் இடத்தையும் குறுக்க அதுதான் முதல் பிடி.

பரவலாகச் சொல்லப்படும் சில விஷயங்களை அப்படியே நம்ப வேண்டாம். ரைபிள் பள்ளத்தை முதலில் வெட்டியவர் இன்னார் என்று வியன்னாவையும் நியூரம்பர்க்கையும் சேர்ந்த பெயர்கள் சுற்றிவருகின்றன. உறுதியான ஆதாரம் கிடையாது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, ஜெர்மன் பேசும் பகுதிகளில் தொடங்கியிருக்க வேண்டும் என்பதுவரை சொல்லலாம். புனல் போல வாய் விரிந்த குட்டைத் துப்பாக்கி ரவைகளை, அதாவது சின்னஞ்சிறு குண்டுகளை, அகலமாகத் தெளிக்கும் என்பதும் தவறு. விரிந்த வாய் அவசரத்தில் மருந்து போட வசதி, எதிரே நிற்பவருக்குப் பயம். ரவை பரவுவதில் அதற்குப் பெரிய பங்கில்லை. குழல் நீளமாக ஆக வேகம் கூடிக்கொண்டே போகும் என்பதில் பாதி உண்மை. கரிமருந்து சீக்கிரம் எரிந்துவிடுவதால், ஓரளவுக்கு மேல் நீளம் தருவது மிகக் குறைவு.

சரி, உறவினர் வீட்டுத் துப்பாக்கி. தேய்க்காதீர்கள். சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றிய குழலில் எட்டு விளிம்புகளும் மழுங்கி, முத்திரைகள் கரைந்து, திருகாணித் துளைகளின் ஓரம் குழிந்து போயிருக்கும். இத்தனை நேரம் நான் சொன்னவற்றில் பாதி அழிந்துவிடும். பழுப்பு நிறம் பெரும்பாலும் அழுக்கு அல்ல, செய்தவரே வேண்டுமென்று ஏற்றிய பூச்சு. கையில் செந்தூளாக ஒட்டும் துரு மட்டும்தான் ஆபத்து. மெல்லிய எண்ணெய் தொட்ட மென்துணியால் அதை ஒற்றி எடுத்து, மேலே மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லியதாகப் பூசினால் போதும். எந்த ஊர், எந்தக் காலம் என்று படத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. அடிப்பக்கத்தைப் பார்க்காமல் யார் சொன்னாலும் அது ஊகம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பல தலைமுறைக்கு முன் கெட்டித்த மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே இருக்கும் துப்பாக்கிகள் இன்றும் அகப்படுகின்றன. உலர்ந்த கரிமருந்துக்கு வயதாவதில்லை. வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, நீங்கள் குழலுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஒரு மெல்லிய மரக்குச்சியைத் தட்டாமல் மெதுவாக உள்ளே விட்டு, வாய் விளிம்பில் குறியிடுங்கள். பிறகு குச்சியை வெளியே குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி பற்றுவாய்வரை எட்டாமல் இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று கொள்ளுங்கள். நீங்களாக எடுக்க முயல வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் தகவல் சொல்லி, அவர் வந்து பார்க்கும்வரை அதைச் சூட்டுக்கும் தீக்கும் அருகில் கொண்டுபோகாமல் வைத்திருங்கள். வைத்துக்கொள்ள உரிமம் தேவையா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.